நோட்டில் இருக்கும் எண்ணுக்குப் பதில் கேளுங்கள்

உங்கள் வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருடைய நோட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அரசு கொடுத்த அட்டையாக இருக்கலாம், கடையில் வாங்கிய நாற்பது பக்க நோட்டாகவும் இருக்கலாம். ஜனவரியில் 156/94, பிப்ரவரியில் 160/96, மார்ச்சில் 152/92. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதே வரி: அம்லோடிபின் 5 மி.கி., தினம் ஒன்று, முப்பது நாள். ஓராண்டாக இப்படியே போயிருந்தால், அவர் மாத்திரையை ஒழுங்காகத்தான் விழுங்கியிருக்கிறார், வரிசையிலும் ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறார். ஆனால் அவருக்குச் சிகிச்சை நடக்கவில்லை. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தக் குழாய்கள் ஓராண்டாக அதே அழுத்தத்தில்தான் அடிவாங்கிக் கொண்டிருக்கின்றன.

வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீளும் இந்தத் தூத்துக்குடிக் கரையில் பிரஷர் மாத்திரை கிடைப்பது இன்று பெரிய பாடில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் தருகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண்கள் தெருவுக்கே வந்து தருகிறார்கள். மாத்திரை வந்துவிட்டதால் வைத்தியமும் வந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அளப்பது, அளந்த எண்ணைப் பார்த்து ஒரு முடிவெடுப்பது, ஆண்டுக்கொருமுறை சிறுநீரகத்தையும் கண்ணையும் இதயத்தையும் சோதிப்பது, இவை மூன்றும் சேர்ந்ததுதான் வைத்தியம். மாத்திரையைப் போலவே இந்த மூன்றையும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

2020-இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்களைப் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வு, 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டது. மூன்று பேரில் ஒருவர். அவர்களில் அளவு கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 விழுக்காடு. மறு ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அதற்குப் பிறகு நடந்த அடுத்த சுற்று ஆய்வில் கட்டுக்குள் இருப்பவர்களின் விகிதம் 17 விழுக்காடாக ஏறியது. 2024-இல் அந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. வீடு வீடாக நடந்த பெண்களின் உழைப்பு அதில் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் நூற்றுக்கு மீதி 83 பேர் இன்னும் கட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களில் தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் உண்டு, தெரிந்தும் மாத்திரை எடுக்காதவர்கள் உண்டு. இந்தக் கட்டுரை முக்கியமாக மூன்றாவது கூட்டத்துக்கு: மாத்திரை எடுத்துக்கொண்டே அளவு இறங்காமல் இருப்பவர்களுக்கு.

ஏன் இறங்கவில்லை? டாக்டர் பக்கமும் காரணம் இருக்கிறது, நம் பக்கமும் இருக்கிறது. தொற்றா நோய்களுக்கான என்.சி.டி. நாளன்று வெளியே நிற்கும் கூட்டத்தில் ஒரு ஆளுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். "கொஞ்சம் கூடத்தான் இருக்கு, உப்பைக் குறைங்கம்மா" என்பதோடு பழைய மாத்திரையே மறுபடி எழுதப்படும். நம் பக்கம் பார்த்தால், ஆளுக்குப் பதில் நோட்டு மட்டும் போகும். அப்பா கடலுக்குப் போயிருப்பார், மகன் நோட்டை நீட்டி மாத்திரை வாங்கி வருவான். அளக்கக் கை இல்லாத இடத்தில் எந்த டாக்டராலும் அளவைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. இன்னொரு பயமும் உண்டு. "டோஸைக் கூட்டிராதீங்க டாக்டர், பொறவு விடவே முடியாது" என்று கெஞ்சுகிறவர்களை எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். இந்த மாத்திரைகள் போதையைப் போலப் பழகிப் போகும் சாதி அல்ல. நோய் நெடுநாள் இருப்பதால்தான் மாத்திரையும் நெடுநாள் வேண்டியிருக்கிறது. எடை இறங்கி, உப்புக் குறைந்து, அளவு நன்றாகத் தணிந்தவர்களுக்கு டாக்டரே டோஸைக் குறைப்பதும் நடக்கிறது.

2017 நவம்பரில் ஐந்து மாநிலங்களில் இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி தொடங்கியபோது அதன் அடிப்படை எளிமையானதாக இருந்தது. எல்லா மையங்களிலும் ஒரே நெறிமுறை, ஒரு மாதத்துக்கு முழு மாத்திரை, அளவு இறங்காவிட்டால் அடுத்த படி. பெரும்பாலான இடங்களில் முதல் படி அம்லோடிபின். ஒரு மாதம் கழித்தும் 140/90-க்குக் கீழே வரவில்லையென்றால் டெல்மிசார்டானைச் சேர்ப்பது அல்லது டோஸைக் கூட்டுவது. அதற்கும் இறங்காவிட்டால் சிறுநீர் பிரிக்கும் வகை மாத்திரை ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே தடத்தில்தான் இருக்கிறது: மாத்திரை தொடங்கினாலோ மாற்றினாலோ, அளவு வந்து சேரும்வரை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். வந்து சேர்ந்த பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆகவே இரண்டு மூன்று மாதமாக 150-க்கு மேலேயே நிற்கும் நோட்டைப் பார்த்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "டாக்டர், நம்பர் இறங்கலையே, மாத்திரையை மாத்தணுமா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்வி உதவிதான்.

இவ்வளவு மெனக்கெட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். லட்சக்கணக்கானவர்களை வைத்து நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது: மேல் எண் 10 இறங்கினால் பக்கவாதம் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. 160-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்குத் தெரியாது. தலைவலி இருக்காது, கிறக்கம் இருக்காது. "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஆளுக்குத்தான் ஒரு காலையில் கை தூக்க முடியாமல் போகிறது.

அளக்கும்போது

மாற்றச் சொல்லிக் கேட்குமுன், அளந்தது சரியாக இருந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தவறான எண்ணுக்கு மாத்திரை கூட்டினால் அதுவும் கெடுதல்தான்.

பஸ்ஸைப் பிடித்து, வெயிலில் நடந்து, வரிசையில் நின்று, உட்கார்ந்த உடனே கையை நீட்டினால் அளவு கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது. அரை மணி நேரத்துக்கு முன்பே டீயையும் பீடியையும் வெற்றிலைபாக்கோடு போடும் புகையிலையையும் நிறுத்திவிட வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது, அளக்கும்போது பேசவும் கூடாது. இந்த இரண்டும் தனித்தனியாகவே அளவைத் தூக்கிவிடும். பட்டையைச் சேலை ரவிக்கை மேலேயோ சட்டைக் கை மேலேயோ சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். சுமை தூக்கித் தூக்கிப் புயம் தடித்த துறைமுகத் தொழிலாளிக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். பெரிய பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கை எங்கே இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதே இல்லை. மேசைமேல், நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில், கையை மடியில் வைத்து அளந்தபோது மேல் எண் ஏறத்தாழ 4-ம், பக்கவாட்டில் தொங்கவிட்டு அளந்தபோது ஆறேழும் கூடுதலாகக் காட்டியது. நம் மையங்களில் மேசை மூலையில் அடுக்கிய பதிவேடுகளுக்கு நடுவே கை வைக்க இடம் இருக்காது. "சிஸ்டர், இதக் கொஞ்சம் தள்ளிக்கிடட்டுமா?" என்று கேட்டுக் கையை வையுங்கள். முதல்முறை அளக்கும்போது இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கையில் கூடுதலோ அதிலேயே இனி அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் அளக்க வேண்டும். வயதானவர்கள், எழுந்தவுடன் தள்ளாடுகிறவர்கள் நின்றபடியும் ஒருமுறை அளந்துகொள்வது நல்லது. இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு முறிவதற்கு, நின்றவுடன் இறங்கும் பிரஷரும் ஒரு காரணம்.

அளந்து முடித்ததும் "நார்மல்தான்" என்ற சொல்லோடு எழுந்து வராதீர்கள். எண்ணைக் கேளுங்கள், உங்கள் நோட்டில் தேதியோடு எழுத வையுங்கள். வீட்டில் மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் கருவி இருந்தால், காலையிலும் இரவிலும் ஒரு வாரம் அளந்து அதையும் கொண்டுபோங்கள். வீட்டில் அளப்பதற்கு 135/85-தான் வரம்பு.

வருடத்துக்கு ஒருமுறை

மாதாமாதம் அளப்பதைத் தவிர, ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதுதான் அதிகம் விட்டுப்போகிறது. ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், பொட்டாசியம். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற சோதனை. இ.சி.ஜி. கண்ணின் விழித்திரை. எடையும் இடுப்பளவும். இவற்றில் பல ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கும். மற்றவற்றுக்கு வட்டார மருத்துவமனைக்கோ தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதித் தருவார்கள்.

சிறுநீர்ச் சோதனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மண்ணில் அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கெட்ட சிறுநீரகம் பிரஷரை ஏற்றும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகும். அதற்கு நடுவில் உப்பளத்து வெயில் சேர்கிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளையும் பகுதி நம்முடையது. பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள், தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள், அவர்களில் பெருவாரியானவர்கள் பெண்கள், மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார்கள். ஒதுங்க மறைவிடம் இல்லாததால் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் சோதித்தபோது, பத்துக்கு ஒன்பது பேர் உடம்பு தாங்கக்கூடிய வெப்ப வரம்பைத் தாண்டி உழைப்பதையும், ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருப்பதையும் கண்டார்கள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவருக்கு டெல்மிசார்டானோ சிறுநீர் பிரிக்கும் மாத்திரையோ எழுதும்போது, அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைத் திடீரென்று தளர வைக்கக்கூடும். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தாலும் அப்படித்தான். "உப்பளத்து வேலைங்க டாக்டர்" என்ற ஒரு வார்த்தையை நீங்களாகவே முந்திச் சொல்லிவிடுங்கள்.

வலி மாத்திரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. மூட்டை சுமப்பவர், வலை இழுப்பவர், உப்பு வாருபவர் எல்லோருக்கும் சாயங்காலம் உடம்பு வலிக்கும். போகும் வழியில் மெடிக்கலில் பத்து ரூபாய்க்கு இரண்டு மாத்திரை, பெயர் கேட்க மாட்டார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் அடிக்கும். அளவு இறங்காத பலருக்கு மாத்திரை போதாமல் இல்லை, தினமும் சாயங்காலம் இந்த எதிர்வேலை நடக்கிறது. வலிக்கு எதை எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுப் பாரசிட்டமால் போன்றதைப் பெயர் சொல்லி வாங்குங்கள்.

கருவாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் உப்பைப் பற்றிப் பேச முடியாது. மீன்பாடு இல்லாத நாளில் கஞ்சிக்குக் கருவாடும் மாசியும்தான் துணை. அதை அடியோடு விடச் சொல்வது நடக்காத காரியம். ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராம், ஒரு தேக்கரண்டி உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசிய கருவாட்டில் கொஞ்சம் உப்பு இறங்கும். அன்றைக்குக் குழம்பில் உப்பே போடாமல் விடலாம். ஊறுகாயையும் அப்பளத்தையும் அதே இலையில் சேர்க்காமல் இருக்கலாம். கல்லுப்பு நல்லது, இந்துப்பு பிரஷரை ஏற்றாது என்ற பேச்சை நம்பாதீர்கள். இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டான் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கடலுக்குப் போகிறவர்கள்

தருவைக்குளத்துப் படகுகள் தங்குகடலுக்குப் போனால் திரும்ப நாளாகும். கிளம்புகிற அவசரத்தில் வலை, ஐஸ், டீசல், அரிசி எல்லாம் ஏறும், மாத்திரை மட்டும் வீட்டில் இருந்துவிடும். நான்கைந்து நாள் விட்டுவிட்டு வந்தவுடன் இரண்டாகச் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அது கூடாது. விட்ட நாள் விட்டதுதான், அன்றைய மாத்திரையை அன்றைக்கு எடுத்தால் போதும். சில வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் தாறுமாறாக ஏறும். தங்குகடல் போகிறவர் என்று சொல்லி இரண்டு அட்டை சேர்த்து வாங்கி, ஒன்றைப் படகிலேயே வைத்துவிடுவது நல்லது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகைக் கரையேற்றி அடிப்பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்டும் நாட்கள் அவை. அந்த 61 நாளுக்குள் ஓட்டுகிற ஆளுக்கும் ஒருநாள் ஒதுக்கி ஆண்டுப் பரிசோதனையை முடித்துவிடலாம். மாத்திரை மாற்றினால் ஒரு மாதம் கழித்து மறுபடி அளப்பதற்கும் அவர் கரையிலேயே இருப்பார். சம்மாட்டிகளும் ஊர்க் கமிட்டிகளும் மனது வைத்தால், வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டு ஊரிலேயே ஒரு முகாமுக்கு ஏற்பாடு செய்யலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்த ஓய்வு இல்லை. அவர்களுக்கு மாலை நேரம்தான் வழி. 2023 ஜூனில் தமிழ்நாட்டு நகரங்களில் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையிலும் மாலை 4 முதல் 8 வரையிலும் இயங்குபவை. வேலைக்கூலி போகாமல் போய்வரலாம்.

முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை என்றாலும் சங்குகுளி இன்றும் இருக்கிறது. மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் இறங்கும்போது ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. ஏற்கெனவே கட்டுக்குள் இல்லாதவருக்கு அந்த ஏற்றம் ஆபத்தான உயரத்துக்குப் போகும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே குளிகாரர்கள் சீசன் தொடங்குமுன் அளந்துகொள்ள வேண்டும், தாங்கள் முங்குகிறவர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி, அதற்குத் தோதான மாத்திரையைக் கேட்க வேண்டும்.

கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. மெடிக்கலில் ஃபெயில் ஆகிவிடுவோம் என்று பயந்து பிரஷரை மறைப்பார்கள், பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் யாருடையதோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவார்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து தந்த வழிகாட்டுதலில், 160/100-ஐத் தாண்டினால் சிகிச்சை எடுத்து இறங்கும்வரை தற்காலிகத் தகுதியின்மை என்றுதான் இருக்கிறது. வைத்தியம் எடுத்து அளவுக்குள் இருப்பவர் பொதுவாக வேலைக்குத் தகுதியானவரே. மறைத்துப் போகிறவர் நடுக்கடலில், பக்கத்தில் டாக்டர் இல்லாத இடத்தில் விழுவார். தம்பிகளே, ஆறு மாதத்துக்கு முன்பே அளந்து, முறையாக மாத்திரை எடுத்து, அந்த நோட்டோடு போங்கள். உங்கள் வேலையைக் காப்பாற்றப் போவது அந்த நோட்டுதான்.

கரையில் இருக்கும் பெண்களுக்கும் ஒரு சொல். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிப் பிரசவம் சிக்கலான பெண்கள் பலர், குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டதே என்று அளப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வாழ்நாள் முழுக்க வருடம் ஒருமுறையாவது அளக்க வேண்டும். கர்ப்பமாக நினைக்கும் பெண் டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை மாத்திரையில் இருந்தால், கர்ப்பமாகும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெள்ளம் வந்த டிசம்பர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது, சாலைகள் அறுந்தன, தூத்துக்குடி நகருக்குள் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. இப்படி வீட்டுக்குள் தண்ணீர் புகும்போது மாத்திரையும் நோட்டும் நனைந்து போகும், மொட்டைமாடியில் இருப்பவருக்குத் தன் மாத்திரையின் பெயர் சொல்லத் தெரியாது. "வெள்ளையா, சின்னதா, வட்டமா இருக்கும்" என்றால் எந்த முகாம் டாக்டராலும் தர முடியாது. ஐப்பசி பிறக்கும்போதே பதினைந்து நாள் மாத்திரையைத் தனியாக எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தை போனில் படம் பிடித்து, மாத்திரையையும் நோட்டையும் குடும்ப அட்டை, ஆதார் இருக்கும் பாலித்தீன் உறைக்குள் போட்டு வையுங்கள். ஊரில் தெரிந்த ஒருவருக்கும் அந்தப் படத்தை அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது.

108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம்

முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கையோ காலோ திடீரென்று விழுந்தால், பேச்சுக் குழறினால், பார்வை மறைந்தால், நெஞ்சில் பாரமாக அழுத்தினால், மூச்சு வாங்கினால் 108. வாதத்துக்கு எண்ணெய் தேய்க்கவோ வாயில் எதையாவது ஊற்றவோ நேரம் செலவழிக்காதீர்கள். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துப் பிரஷரைச் சட்டென்று இறக்குவதும் கூடாது, மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறைந்துவிடும். இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் அளவு மட்டும் 180/120-ஐத் தொட்டிருந்தால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளந்து, அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோடு வருகிறவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் முதல் மாத்திரைகளைக் கொடுக்க, 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் மருந்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. அந்த அட்டையை நெருக்கடி வருமுன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியவை

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம் என்பது தயவு இல்லை. உயிர்வாழும் உரிமையில் மருத்துவமும் அடங்கும், அதைத் தருவது அரசின் கடமை என்று 1996-இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்ன நோய், என்ன மாத்திரை, ஏன், எவ்வளவு நாள் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. தனியார் டாக்டர் எழுதிய மாத்திரையை அவருடைய கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி வாங்கினால் செலவு நன்றாகக் குறையும். உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. காசு வாங்கிக்கொண்டு செய்த சிகிச்சையில் குறைபாடு இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பது 1995-இலேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான சங்கதி.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போகும் ஒப்பந்தத் தொழிலாளி, தனக்கும் குடும்பத்துக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இந்த வைத்தியத்தை முழுதாகப் பெறலாம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா, எண் என்ன என்று பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற ஒப்பந்தக்காரர்கள் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தொகுப்பு, குறிப்பிட்ட வயதோ வகையோ சார்ந்த தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பவர் தன் செலவில் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. துறைமுகத்திலும் சரக்குப் பெட்டக முனையங்களிலும் கிடங்குகளிலும் வேலை பார்க்கிறவர்கள், சங்கத்தின் மூலமாக இதை எழுத்தில் கேட்க வேண்டும். சோதனை முடிவின் நகலும் தொழிலாளியின் கைக்கு வர வேண்டும், அலுவலக அலமாரிக்குள் போய்ப் படுத்துவிடக் கூடாது.

மாத்திரை இல்லை, அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? வெறுங்கையோடு வராதீர்கள். முதலில் மருத்துவ அலுவலரைப் பார்த்து, அதே வகையில் இருப்பில் உள்ள வேறு மாத்திரை தர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் நோட்டில் "மருந்து இருப்பில் இல்லை" என்று தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நீங்களே தேதி, நேரம், சொன்னவரின் பொறுப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 104-ல் உடல்நல ஆலோசனையும் கேட்கலாம், அரசு மருத்துவமனை பற்றிய புகாரும் சொல்லலாம். 1100 முதலமைச்சரின் உதவி மையம், புகார் எண் தருவார்கள், அதை எழுதி வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் நிலையத்தில் கடந்த ஆறு மாதத்தில் அம்லோடிபின், டெல்மிசார்டான் எத்தனை நாள் இருப்பில் இல்லை என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். தனியாளாக மனு கொடுப்பதைவிட, ஒரே தெருவில் பிரஷர் மாத்திரை வாங்கும் பத்துப் பேர் தங்கள் நோட்டுகளின் நகலை இணைத்துச் சேர்ந்து கொடுத்தால், அதைத் தட்டிக்கழிப்பது யாருக்கும் எளிதல்ல.